உரிந்த பச்சையும் ஒரு டம்ளர் தண்ணியும்

அந்த முழ நீளப் பிளாஸ்டிக் போர்விமான பொம்மைக்கு மாதக்கணக்கில் உட்கார்ந்து பெயின்ட் அடித்தவள் மரியபுஷ்பம். தூத்துக்குடியில் நடந்த பொம்மை விமானப் போட்டியில் அதைத் தன் பெயர் போட்டு வைத்தவர் முதலாளி ரத்னசபாபதி. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்!

பச்சை பெயின்ட் உரிந்து அடியில் வெள்ளி நிறம் தெரிவதைப் பார்த்து நடுவர் அசந்துபோனார். "நிஜ விமானம் மாதிரியே பழசா இருக்கே! எப்படி சார்?"

"பிளேடால சுரண்டினேன்" என்றார் முதலாளி.

"பொய்! நான் செஞ்சது" என்றாள் மரியபுஷ்பம்.

"கூலிக்காரிக்கு வாயப் பாரு! பிரஷ் இல்லாம, பெயின்ட் இல்லாம இங்கயே நிரூபி."

"ஒரு டம்ளர் தண்ணி போதும். இடது இறக்கைக்கு அடியில வேலை பாக்கி. அது தெரியாமத் தூக்கிட்டு வந்துட்டாரு. முதல்ல அவரு சுரண்டட்டும்."

முதலாளி பிளேடை எடுத்துச் சுரண்டினார். பச்சையோடு வெள்ளியும் போய், வெறும் பிளாஸ்டிக் பல்லிளித்தது.

அவள் டம்ளர் தண்ணியில் விரலை நனைத்துப் பக்கத்தில் தேய்த்தாள். பச்சை மட்டும் திட்டுத்திட்டாகக் கழன்று வெள்ளி மின்னியது.

"வெள்ளி மேல சமையல் உப்பத் தூவி, அதுக்கு மேல பச்சை அடிச்சேன் சார். நனைச்சா உப்பு கரையும், மேல இருக்கிற பச்சையும் போயிடும்."

நடுவர் பெயர் அட்டையை மாற்றக் கை நீட்டினார்.

"நீங்க எதுக்கு சார்? பிளேடு அவரு கையிலதான இருக்கு. அந்தப் பேர அவரே சுரண்டட்டும்."