திராட்சைக் கொடி சொல்லி முடிக்காத பேச்சு

அந்தக் காலத்தில், ஆடு மாடு மட்டுமல்ல, மரம் செடிகளுக்கும் வாய் இருந்தபோது, திராட்சைக் கொடியும் பேசிக்கொண்டிருந்தது. ஆனால் அதைப் போல மெதுவாகப் பேசியவர் உலகத்தில் யாரும் இல்லை. பொழுது விடியும்போது ஒரு சொல்லைத் தொடங்கினால் பொழுது சாயும்போதுதான் முடிக்கும். அதுவும் வருஷத்தில் ஒரே ஒரு முறை, மாசி மாதம் துளிர் விடுகிற சில நாட்கள் மட்டும். "காற்று வரும், பந்தலை இறுக்கிக் கட்டுங்கள்" என்று அது சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்து, பந்தல் சாய்ந்து, ஆட்கள் அதைத் தூக்கி நிறுத்திவிட்டுச் சாப்பிடவும் போயிருப்பார்கள். அதனால் யாரும் கொடியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதில்லை. ஆனாலும் கொடி சொன்னதை மட்டும் எல்லோரும் நம்பினார்கள். ஒரு பொய் சொல்லக் குறைந்தது நாலு நாள் ஆகும். அவ்வளவு பாடுபட்டு யார் பொய் சொல்வார்கள்?

மேற்கு மலையடிவாரத்தில் சடைமாயன், பெத்தணன் என்று இரண்டு அண்ணன் தம்பிகள் திராட்சை வைத்திருந்தார்கள். பழம் பறித்து, கல்தொட்டியில் கொட்டி, காலால் மிதித்து, சாற்றைத் தோலோடு பெரிய பெரிய தாழிகளில் ஊற்றுவார்கள். வெயில் படக் கூடாது என்று தாழிகளைப் பந்தலின் ஓரத்தில் இருந்த ஆழமான குழிக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். குழியின் வாய்க்குப் பக்கத்திலேயே அந்தத் தோட்டத்தின் மூத்த கொடி நின்றது. அதன் அடி ஒரு ஆளின் தொடை அளவு இருக்கும்.

சாறு அங்கே அடுப்பு இல்லாமலே பொங்கும். அப்படிப் பொங்குகிற நாட்களில் குழியின் அடியில் ஒரு கெட்ட காற்று தங்கும். கண்ணுக்குத் தெரியாது. மூச்சு இழுத்தவன் திரும்ப விடமாட்டான். ஆனால் மேலே மிதக்கிற தோலைத் தினம் ஒரு தடவை அமுக்கிவிடாவிட்டால் திராட்சை ரசம் புளித்துக் காடியாகிவிடும், யாராவது இறங்கித்தான் ஆக வேண்டும். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்குவது. விளக்கு அணைந்தால் அன்றைக்கு ஒருவரும் இறங்குவதில்லை. சடைமாயன் விளக்கு இறக்கிப் பார்ப்பான், பெத்தணன் இறங்குவான். வருஷா வருஷம் இப்படித்தான் நடந்தது.

இன்னொரு கட்டுப்பாடும் ஊரில் இருந்தது. ஆவணியில் வீட்டுக்கு மூத்தவன் முதல் மிடறு குடித்து, ரசம் நன்றாக வந்திருக்கிறது என்று சொல்லும் வரை, தாழியில் ஒருவரும் வாய் வைக்கக் கூடாது. அதற்கு முன்னால் குடித்தவன் திருடன். திருட்டுக் குடியில் செத்தவனுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது, அவன் பெண்டாட்டி கூட வாய்விட்டு அழக் கூடாது. ஏன் இவ்வளவு கடுமை என்று கேட்காதீர்கள். தொண்டைக்குள் இறங்குகிற பொருள் எதற்கும் மனிதர்கள் சட்டம் போடாமல் விட்டதில்லை.

ஆனி மாதம் ஒரு நாள் காலையிலிருந்தே தூறல். விளக்கு வீட்டில் இருந்தது. வீடு வரப்பைத் தாண்டி ஒரு கூப்பிடு தூரம். சடைமாயனுக்குச் சேற்றில் நடந்து போய் எடுத்து வரச் சோம்பலாக இருந்தது. முந்தின நாள் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது, இன்றைக்கு மட்டும் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தான்.

பெத்தணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தான். "வெளக்கு பாத்தாச்சாண்ணே?"

"பாத்தாச்சு. எறங்கு."

பெத்தணன் இறங்கினான். ஒரு இருமல் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம்தான் சடைமாயன் ஓடினான். விளக்கைக் கொண்டுவந்து இறக்கினான். பாதிக் குழியிலேயே அது அணைந்துபோயிற்று. கொக்கியைப் போட்டுத் தம்பியை மேலே இழுத்தபோது உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் தூரத்தில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டதும் அழுகையை முந்திக்கொண்டு பயம் வந்தது. தாழியில் மொள்ளுகிற சிறு கலயம் ஒன்றும் கொக்கியில் மாட்டி மேலே வந்திருந்தது, அதில் கொஞ்சம் ரசம் இருந்தது. அதைத் தம்பியின் வாயில் ஊற்றினான்.

"எனக்குத் தெரியாம எறங்கிக் குடிச்சிருக்கான்" என்றான், வந்தவர்களிடம்.

குனிந்து பார்த்தவர்களுக்கு வாடை அடித்தது. வேறு சாட்சி யாரும் கேட்கவில்லை. பெத்தணனை ஒப்பாரி இல்லாமல், தாரை தப்பட்டை இல்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். அவன் மனைவி சிலம்பாயி முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நின்ற பெண்கள் அவள் அழுதுவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். கொடுமைக்காக அல்ல, அவளை ஊரைவிட்டுத் தள்ளிவைத்துவிடுவார்களே என்கிற இரக்கத்தால்.

அதற்குப் பிறகு சிலம்பாயிக்கு ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. என் புருஷன் குடிக்கவில்லை. அது தெரிந்தால் நான் அவனுக்கு அழலாம். நாக்கில் ஒரு துளி பட்டால் தும்முகிற மனுஷன் அவன். ஆனால் இதை யாரிடம் சொல்வது? வாடை அடித்ததே என்பார்கள்.

மாசி வந்தது. மூத்த கொடி துளிர்க்கத் தொடங்கியது. சிலம்பாயி அதன் அடியில் போய் உட்கார்ந்தாள்.

"நீ பாத்தில்ல? சொல்லு. எத்தன நாளானாலும் இருக்கேன். எனக்கு வேற சோலி இல்ல."

முதல் நாள் பொழுது சாய்வதற்குள் கொடி ஒரு சொல் சொன்னது: "பெத்தணன்." இரண்டாம் நாள், "வாயில்." மூன்றாம் நாள், "ரசத்தை." அன்று இரவுக்குள் ஊர் முழுக்க அந்த மூன்று சொற்களையும் பேசியது. "அதான் தெரிஞ்ச கதையாச்சே, இதச் சொல்லவா மூணு நாளு" என்று சிரித்தவர்களும் உண்டு. சடைமாயன் சிரிக்கவில்லை. நாலாம் சொல்லும் ஐந்தாம் சொல்லும் என்ன என்று அவனுக்குத் தெரியும்.

நாலாம் நாள் விடிகிற நேரம். சிலம்பாயி தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். கொடி தன் சொல்லைத் தொடங்கி, அதன் நுனிகள் லேசாக அதிர ஆரம்பித்திருந்தன. சடைமாயன் அரிவாளோடு வந்தான். ஒன்றுவிடாமல் வெட்டினான். துளிர் இருந்த கிளைகள் எல்லாம் போய், முழங்கை நீளக் குச்சிகள்தான் மிஞ்சின.

குடத்தோடு திரும்பி வந்த சிலம்பாயி அப்படியே நின்றாள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு முனையிலும் தண்ணீர் கோத்து நின்று சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏன் மாமா வெட்டுனீக?"

"ரொம்பப் படந்துபோச்சு தாயி. கழிச்சுவிட்டா நல்லாக் காய்க்கும்."

வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனால் பாருங்கள், அந்த வருஷம் அந்தக் கொடி காய்த்தது போல எந்தக் கொடியும் காய்த்ததில்லை. குலை குலையாகத் தொங்கியது. ஊரே வந்து பார்த்தது. இனி நாமும் வெட்டுவோம் என்று எல்லோரும் அரிவாளைத் தீட்டி வைத்தார்கள். கொடிகளின் பேச்சு நின்றுபோகுமே என்று ஒருவருக்கும் கவலை இல்லை. யார் கேட்டார்கள் அதை?

பழம் மிதித்தார்கள். சாறு பொங்கி அடங்கியது. ஆவணியில் ஊர் கூடியது. சடைமாயன் வெள்ளைக் கிண்ணத்தில் ரசத்தை வாங்கி, வெயிலில் சாய்த்து நிறம் பார்த்தான், மூக்கருகே வைத்து வாசம் பிடித்தான். பிறகு ஒரு மிடறு வாயில் எடுத்துக் கன்னத்தில் நிறுத்தி, மெல்ல விழுங்கினான். அப்படி ஒரு ருசியை அவன் அறிந்ததில்லை. முதலில் இனிப்பு, அதன் பின்னால் ஒரு துவர்ப்பு, அதற்கும் பின்னால் தொண்டையில் ஒரு சூடு. நன்றாக வந்திருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தான்.

"ஊத்துனது" என்றான்.

கூட்டம் பார்த்தது. அவன் உதட்டைக் கடித்தான். நிற்கவில்லை.

"ஊத்துனது நாந்தேன். அவன் குடிக்கல. செத்தவன் வாயில ஊத்துனேன். வெளக்க எறக்கவே இல்ல. பாத்தாச்சுன்னு பொய் சொன்னேன். சேத்துல நடக்கச் சோம்பப்பட்டு எந்தம்பியக் கொன்னுட்டேன்."

கிண்ணம் கையிலிருந்து விழுந்தது. சொன்னதையே சொல்லிச் சொல்லி அழுதான். அந்தக் காலத்தில் ரசம் குடித்தவன் தூங்குவான், அவ்வளவுதான். இப்படி யாரும் உளறிப் பார்த்ததில்லை. வெட்டுப்பட்ட பேச்சு கொடிக்குள் கிடந்து, பழத்தில் ஏறி, இவன் வாய் வழியாக வருகிறது என்று நாட்டாமைக்குத்தான் முதலில் புரிந்தது.

அவர் சிலம்பாயியிடம் வந்தார். "தப்பு நடந்துபோச்சு தாயி. இனி ஒன்னத் தடுக்க ஆளில்ல. ஒம்புருசனுக்கு அழு."

பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து, தோளோடு தோள் சேர்த்தார்கள். சிலம்பாயி வாயைத் திறந்தாள். ஒரு வருஷமாக அவள் நெஞ்சுக்குள் அவனைச் சொல்லி அழ எத்தனையோ அடிகள் கட்டி வைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கண்ணும் நனையவில்லை. அடக்கி அடக்கி வைத்ததில் அவளுக்குள் அழுகையே வற்றிவிட்டிருந்தது. பெண்கள் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்து போனார்கள்.

அடுத்த மாசியில் ஊரார் எல்லாத் தோட்டங்களிலும் கொடிகளை வெட்டினார்கள். சிலம்பாயி மூத்த கொடியின் அடியில் நின்று, சொட்டிய தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தினாள்.

"எனக்கு வரல. நீயாச்சும் அழு" என்றாள்.

அன்று முதல்தான், கிளை வெட்டிக் கவாத்து செய்த திராட்சைக் கொடி பேச்சில்லாமல் நாள் கணக்காகக் கண்ணீர் வடிக்கிறது. அதன் ரசத்தைக் குடித்தவன், யாரும் கேட்காமலே, மூடி வைத்ததையெல்லாம் சொல்லி அழுகிறான், அது யாருக்கும் உதவாத நேரத்தில்.