முக்காட்டில் தைத்திருந்த பெயர்

தீர்ப்புச் சொல்ல ஆசைப்படுகிறவர்கள் இந்தக் கதைக்குக் கொஞ்சம் காது கொடுக்கலாம். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பாதியிலேயே "எனக்குத் தெரியும்" என்று முந்திக்கொள்கிற ஆள் என்றால், உங்களுக்குத்தான் இந்தக் கதை கூடுதலாக வலிக்கும்.

ஹிரோஷிமாவில் குண்டு விழுந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அங்கே மொரிகுச்சி என்றொரு ஓவியர், குண்டுக்குத் தப்பியவர்களின் முகங்களை வரைந்து வந்தார். எதிரே உட்கார்ந்தவர் அன்று நடந்ததைச் சொல்லச் சொல்ல இவர் வரைவார். படத்தின் கீழே அவருடைய பெயரையும் அவர் சொன்னதையும் எழுதுவார். ஆகஸ்ட் ஆறாம் தேதி வந்தால் படங்களை ஒரு மண்டபத்தில் மாட்டி, கீழே எழுதியிருப்பதை ஊரார் கேட்க உரக்க வாசிப்பார். பெயர் பொய்யானால் சாட்சியமும் பொய் என்பது அவர் கட்சி. அதில் மகா பிடிவாதக்காரர்.

அந்த வருஷம் மித்சுகோ என்ற தையல்காரப் பெண் வந்தாள். காதிலிருந்து கழுத்து வரை தீக்காயத் தழும்பு. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் தாயும் வந்தாள். குண்டு வெடித்த வெளிச்சத்தில் தாய்க்கு இரண்டு கண்ணும் போய்விட்டன.

"ஐயா, எனக்குப் படத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, கேட்கத்தான் முடியும்" என்றாள் தாய். "கண் தெரியாதவள் என்று எல்லோரும் என்னிடம் பூசி மெழுகுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யக் கூடாது. உள்ளதை உள்ளபடி எழுதி, அப்படியே வாசியுங்கள்."

"அப்படியே வாசிக்கிறேன், அம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டார் ஓவியர். அவசரப்பட்டுவிட்டார், பாவம்.

மறுநாள் மகள் மட்டும் தனியே வந்தாள். உட்கார்ந்ததும் சொன்னாள்: "நான் மித்சுகோ இல்லை. என் பெயர் சாயோ."

ஓவியரின் கை நின்றுவிட்டது.

யுத்த நாட்களில் பள்ளிக்கூடப் பெண்களுக்குப் பஞ்சு வைத்துத் தைத்த முக்காடு ஒன்று உண்டு. விமானம் வந்தால் தலையில் போட்டுக்கொள்வார்கள். அதில் அவரவர் பெயர் தைத்திருக்கும். சாயோவும் மித்சுகோவும் சிநேகிதிகள். அன்று காலை இருவரும், தீ பரவாமல் இருக்க வீடுகளை இடிக்கும் வேலையில் இருந்தார்கள். வெயிலுக்காக முக்காடுகளைக் கழற்றி ஓரமாகக் குவித்துவைத்திருந்தார்கள். குண்டு வெடித்துப் பகலே இருட்டிப்போனது. சாயோ தடவிப் பார்த்தபோது மித்சுகோ பக்கத்திலேயே உயிரில்லாமல் கிடந்தாள். கையில் கிடைத்த முக்காட்டை மாட்டிக்கொண்டு இவள் ஆற்றங்கரைக்கு ஓடினாள். அது மித்சுகோவின் முக்காடு.

ஆற்றங்கரையில் எல்லா முகமும் வீங்கி ஒரே மாதிரி இருந்தது. பெற்ற தாய்க்கே பிள்ளையை அடையாளம் தெரியவில்லை. முக்காட்டில் இருந்த பெயரைப் படித்துத்தான் தேடினார்கள். யாரோ ஒருவர் இவள் முக்காட்டைப் படித்துவிட்டு, கண்ணிழந்த அந்தத் தாயைக் கொண்டுவந்து பக்கத்தில் விட்டார்.

"மித்சுகோவா?" என்று தடவிக்கொண்டே கேட்டாள் தாய்.

புகையில் தொண்டை வெந்திருந்தது. அந்தக் குரலை யாருடைய குரல் என்று சொல்ல முடியாது. "ஆமாம், அம்மா" என்றாள் சாயோ.

"பொழுது சாய்வதற்குள் அந்த அம்மா போய்விடுவார் என்று நினைத்தேன், ஐயா. அதுவரை மகளாக இருந்துவிடலாம் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவர் பிழைத்துக்கொண்டார். பிறகு எந்த முகத்தோடு சொல்வது? படத்தின் கீழே மித்சுகோ என்றே எழுதிவிடுங்கள். மாற்றி எழுதினால் அந்தத் தாய்க்கு இன்னொரு தரம் குண்டு விழும்."

ஓவியர் படத்தை முடித்தார். பெயர் எழுதும் இடத்தை மட்டும் காலியாக விட்டுவைத்தார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

விதி அத்தோடு விடவில்லை. படங்களுக்குச் சட்டம் அடிக்க, பக்கத்து ஊரிலிருந்து தமோத்சு என்ற தச்சன் வந்தான். இந்தப் படத்தைக் கையில் எடுத்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது எங்கள் அம்மாவின் முகம். அம்மா போய்விட்டாள். அப்படியானால் இது என் தங்கை சாயோ. யுத்தம் முடிந்து நான் திரும்பியபோது வீடு இருந்த இடத்தில் சாம்பல்தான் இருந்தது. உயிரோடு இருக்கிறவளுக்கா நான் தினமும் தூபம் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்?" என்றான். ஓவியர் சாயோ சொன்னதையும் கேட்டதையும் அவனிடம் சொன்னார். "சாயோ என்றே எழுதுங்கள். இல்லையென்றால் அன்றைக்கு மண்டபத்தில் நானே எழுந்து கத்துவேன்."

ஆகஸ்ட் ஆறு வந்தது. மண்டபத்தில் காற்றே இல்லை. வெளியே சில்வண்டுகள் காதைத் துளைத்தன. முதல் வரிசையில் தாய் சாயோவின் மணிக்கட்டைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். வாசலில் தமோத்சு நின்றான். ஒவ்வொரு படமாக முடிந்து, அந்தப் படத்தின் முறை வந்தது.

"என் பெண்ணுடையது வந்துவிட்டதா?" என்று தாய் ஆவலாகக் கேட்டாள்.

ஓவியர் தாளை எடுத்தார். உள்ளதை உள்ளபடி வாசி என்கிறாள் தாய். மித்சுகோ என்று வாசித்து அந்தத் தாயைக் காப்பாற்று என்கிறாள் சாயோ. சாயோ என்று வாசித்துத் தங்கையைத் திருப்பிக் கொடு என்கிறான் அண்ணன். இதில் யார் கேட்டது நியாயம்? அவர் எந்தப் பெயரை வாசிக்க வேண்டும்? புத்தகத்தைக் கொஞ்சம் மூடிவைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

விடை: சாயோ என்ற பெயர்தான் சரி. ஆனால் அண்ணன் சொன்ன காரணத்துக்காக அல்ல. உயிரோடு இருந்தவளுக்குத் தினமும் தூபம் ஏறியது. செத்துப்போன மித்சுகோவுக்காக ஊரறிய ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, ஏனென்றால் அவள் செத்தது இத்தனை வருஷமும் சாயோவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. மூவருக்கும் கேட்க வாய் இருந்தது, அவளுக்குத்தான் இல்லை. அவள் பெயரை இன்னொருத்தி முகத்தின் கீழே எழுதிவிட்டால் அவளை நினைக்க உலகத்தில் இடமே கிடையாது. அதைச் சொல்ல வேண்டியவரும் ஓவியர் அல்ல. அவர் தாளைச் சாயோவிடம் நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. தாயின் காதருகே குனிந்து, "அம்மா, நான் சாயோ. மித்சுகோ அன்றைக்கே என் பக்கத்தில் போய்விட்டாள்" என்றாள்.  தாய் பிடித்த கையை விடவில்லை. அன்று செத்தவர்கள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே செத்தார்கள். அதனால் அந்த ஊரில் அவர்களுக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர்தான் வைப்பார்கள். கடைசியில் தாய் கேட்டது இவ்வளவுதான்: "அப்படியானால், இத்தனை வருஷமாக என் பெண்ணுக்கு யாருமே தண்ணீர் வைக்கவில்லையா?"