மேரி வெளியே உட்கார்ந்திருந்தபோது

"அவ அவுட் ஆகி வெளியே போய் உட்கார்ந்தா, கேமராவும் அவகூடவே போய் உட்காருது மாஸ்டர். உள்ள ஆறு பேர் ஆடிக்கிட்டிருக்கோம். நாங்க என்ன களிமண் பொம்மையா?"

கேட்டவள் முப்பிடாதி. கபடியில் இடது கார்னர். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடிப்பது அவள் வேலை. பிடிக்கும்போது அவள் முகம் தரையில் கிடக்கும். டிவியில் முதுகு மட்டும் தெரியும்.

"எங்கம்மா இதுவரைக்கும் என் மூஞ்சியை டிவில பாத்ததே இல்ல. என் முதுகைப் பாத்து, 'அது நம்ம புள்ளயா'ன்னு கேக்குறாங்களாம்."

திலகா மாஸ்டர் கேட்டுக்கொண்டிருந்தார். பெண்தான். ஆனாலும் டீமில் எல்லாருக்கும் அவர் மாஸ்டர். பேச்சு குறைவு. முழங்காலில் பட்டி சுற்றிக்கொண்டிருந்தவர், சுற்றி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நேத்து அந்தக் காலை ஏன் விட்டே?"

முப்பிடாதி குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள்.

பெண்கள் கபடி லீக் தொடங்கி இது இரண்டாவது வருஷம்.

முதல் வருஷம் யாரும் பார்க்கவில்லை. ஆடினவர்களின் சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், அதுவும் கரண்ட் இருந்தால்.

இரண்டாவது வருஷம் சகாயமேரி வந்தாள். பிடிக்க வந்தவளின் தலைக்கு மேலே தாவி, கோட்டைத் தொட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடியது. அதோடு சலூனில் கபடி, பரோட்டாக் கடையில் கபடி, கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்திலும் கபடி.

கூந்தல் எண்ணெய் விளம்பரத்திலும் மேரிதான். அவள் தலையில் இருப்பதே நாலு முடி. அதை ஆட்டத்துக்கு முன்னால் பின்னிவிடுகிறவள் முப்பிடாதி.

பிறகு எரியாமல் என்ன செய்யும்?

"கேக்குறேன்ல. ஏன் விட்டே?"

"வழுக்கிருச்சு மாஸ்டர்."

மாஸ்டர் அவள் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"இந்தக் கையிலயா வழுக்கிச்சு?"

முப்பிடாதி கைகளை உருவிக்கொண்டாள்.

நேற்று தோற்றது இப்படித்தான். ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தார்கள். ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லை. மேரி அவுட் ஆகி வெளியே உட்கார்ந்திருந்தாள். எதிராளியைப் பிடித்தால் ஒரு பாயிண்ட் கிடைக்கும். வெளியே இருக்கிறவளும் உள்ளே வந்துவிடலாம். கபடியில் அதுதான் சட்டம்.

எதிராளி பாடி வந்தாள். கணுக்கால் முப்பிடாதியின் கைக்குள் வந்தது. கைக்குள்தான் இருந்தது.

"பிடிச்சா அவ உள்ள வந்திருவா" என்றாள் முப்பிடாதி. இப்போது குரல் இறங்கிவிட்டது. "கடைசியாப் பாடப் போறது அவ. ஜெயிக்கிறது அவ. அவளைத் தோள்ல தூக்கிட்டு ஓடுவாங்க. நான் தரையில கிடந்து ரப்பர் மேட்டைத் துடைச்சுக்கிட்டிருப்பேன். ஒரு நொடி அப்படித் தோணிச்சு மாஸ்டர். அந்த ஒரு நொடியில கால் போயிருச்சு."

திட்டுவார் என்று நின்றாள். மாஸ்டர் திட்டவில்லை.

"உனக்கு என்ன வேணும்?"

"அவ இல்லாம ஒரு ஆட்டம்."

"சரி."

"என்னது?"

"நாளைக்கு மேரி ஆட மாட்டா. போ."

சாயங்காலம் மேரி சீப்போடு வந்து முன்னால் உட்கார்ந்தாள்.

"யக்கா, நாளைக்கு எனக்கு ரெஸ்டாம். மாஸ்டருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. என் பங்குக்கும் நீங்களே ஆடிருங்க."

"உன் பங்கு என்னடி பங்கு. என் பங்கே மலை மாதிரி கிடக்கு."

"கோவமாக்கா?"

"நாளைக்குத்தான் ஆடலையே. இப்ப எதுக்குச் சீப்பு?"

"சும்மா பின்னி விடுங்க. நீங்க பின்னினாத்தான் தூக்கம் வருது."

முப்பிடாதி பின்னினாள். கொஞ்சம் இழுத்தே பின்னினாள். மேரி "ஆ" என்றாளே தவிர, தலையை நகர்த்தவில்லை. நல்லவளாக வேறு தொலைந்திருக்கிறாளே என்று முப்பிடாதிக்கு இன்னும் எரிந்தது.

மேரி இல்லை என்று தெரிந்ததும், சேனல்காரர்கள் ராத்திரி ஆட்டத்தை மத்தியானத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

தள்ளட்டும் என்று முப்பிடாதி நினைத்தாள். ஸ்டேடியத்தில் பாதி நாற்காலி காலி. கிடக்கட்டும்.

சாமி வந்தவள் மாதிரி ஆடினாள். பாடி வந்தவளின் கால் எந்தப் பக்கம் போனாலும் இவள் கை அங்கே முன்னாடியே போய்க் காத்திருந்தது. எதிர் டீமில் ஒருத்தி இடது பக்கம் வரவே பயந்து, மறுபக்கமே பாடிவிட்டுத் திரும்பிப் போனாள்.

டீம் ஜெயித்தது. சிறந்த ஆட்டக்காரி கோப்பை முப்பிடாதிக்கு.

மைக் பிடித்த பையன் ஓடி வந்தான். கேமரா அவள் முகத்துக்கு நேராக நின்றது. முழு முகம். முதல் தடவை.

"உங்க பேரு மேடம்?"

"முப்பிடாதி."

"ஸாரி, இன்னொரு தடவை?"

"முப்பிடாதி!"

"சூப்பர் மேடம். சூப்பரா ஆடினீங்க. சொல்லுங்க, மேரி எப்ப திரும்பி வர்றாங்க?"

கோப்பையை இடுக்கிக்கொண்டு மாஸ்டர் முன்னால் வந்து நின்றாள். மாஸ்டர் போனை எடுத்து நீட்டினார்.

"வீட்டுக்குப் போடு."

போட்டாள். எடுத்தது அண்ணன் பெண்டாட்டி.

"மதினி! பாத்தியளா?"

"எத பாக்க?"

"ஆட்டத்தை! கப்பு எனக்குத்தான் குடுத்தாவ. மூஞ்சியை முழுசாக் காட்டுனாவளே!"

"ஏட்டி, இன்னைக்கா? மேரி இல்லன்னு சொன்னாவளே. உங்க அண்ணன் படத்துக்கு மாத்திட்டாவ."

"அம்மா பாக்கலியா?"

"அத்த பீடி சுத்திக்கிட்டு இருக்காவ. இன்னைக்கு ஆட்டம் உண்டுன்னே அவியளுக்குத் தெரியாது."

முப்பிடாதி கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஏன்ட்டி பேச மாட்டேங்க? கோவிச்சுக்கிட்டியா? முந்தாநாளு பாத்தோமே. நம்ம தெருவே வந்து உக்காந்துருச்சு, வாசல்ல நிக்க எடமில்ல."

"முந்தாநாளா?"

"ஆமா. மேரி வெளிய போயிட்டாளா, திரும்ப உள்ள வருவாளா மாட்டாளான்னு ஒருத்தரும் மூச்சு விடல. டிவிக்காரன் மேரியக் காட்டுதான், உன் கையக் காட்டுதான். திரும்ப மேரிய, திரும்ப உன் கைய. எதுத்த வீட்டு ஆசீர்வாதம் மாமா, 'ஏ, அது யார்ல அந்தப் புள்ள'ன்னு கேக்காவ. அத்த பீடித் தட்டத் தூக்கிக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு நின்னுட்டாவ. 'எம்மவ பிடிச்சிருவா, எம்மவ பிடிச்சிருவா'ன்னு ஒரே சத்தம்."

போனை முப்பிடாதி இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் ரெண்டு நாளா உன்கிட்ட கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன்" என்றாள் மதினி. "கைக்குள்ள வந்த காலு. அதப் போயி எப்படிட்டி விட்ட?"

முப்பிடாதி போனை அணைத்து மாஸ்டரிடம் கொடுத்தாள்.

மாஸ்டர் அதைப் பையில் போட்டுக்கொண்டார். மதினி என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. கோப்பையையும் பார்க்கவில்லை.

ஸ்டேடியம் பையன்கள் மேட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாஸ்டர்."

"ம்."

"அடுத்த ஆட்டத்துக்கு மேரி வர்றாளா?"

"உனக்கு எதுக்கு?"

"அவ ஆடணும் மாஸ்டர்."

மாஸ்டர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

முப்பிடாதி சொன்னாள்:

"அவுட்டும் ஆகணும்."