ரோஜாவுக்கு அந்திக் குளியல்

வெகு காலத்துக்கு முன்னால் மருதூர் நாட்டைக் கோதண்டராயன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான், ஆனால் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். அவனைப் பிடித்த பைத்தியம் ரோஜா. அந்தி சாய்ந்ததும் நாதஸ்வரம் முன்னால் போக, வெள்ளிக் குடத்தோடு தோட்டத்துக்குப் போவான். ஒவ்வொரு செடிக்கும் தன் கையாலேயே தலைமுழுக்காட்டுவான். ராஜா கைபட்டது குப்பைக்குப் போகக்கூடாது என்பது அரண்மனைச் சம்பிரதாயம். அதனால் உதிர்ந்த இலையைக்கூட யாரும் பெருக்குவதில்லை.

ஒரு மழைக்காலத்தில் இலைகளில் கரும்புள்ளி விழுந்தது. புள்ளியைச் சுற்றி மஞ்சள் படர்ந்து, இலையெல்லாம் கொட்டி, செடிகள் முள்ளும் குச்சியுமாக நின்றன.

"தோட்டக்காரி செம்பாயியின் கைராசி அப்படி, பிரபு" என்றார் அலங்கார அதிகாரி நஞ்சுண்டையா. தன் மைத்துனனுக்கு அவள் வேலையை வாங்கித்தர வெகுநாளாக அலைகிற மனுஷர். "இல்லாவிட்டால் தங்கள் திருக்கை நீர் பட்ட செடி வாடுமா? நோயாளி மேல் பட்டால் எழுந்து ஓடுவானே!"

ராஜாவுக்கு அது தித்தித்தது. "பௌர்ணமிக்குள் செம்பாயி குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போகட்டும்!"

மந்திரி அம்பலவாணருக்கு மனசு ஒப்பவில்லை. பிள்ளைகுட்டிக்காரி, எங்கே போவாள்? தோட்டத்தைச் சுற்றிவந்தார். ஓர் ஓரத்தில், ராஜாவின் குடம் எட்டாத இடத்தில், ஒரு செடி மட்டும் பச்சைப்பசேல் என்று பூத்திருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் 'உங்கள் கைதான் காரணம்' என்று சொன்னால், செம்பாயிக்கு முன்னால் அவர் மூட்டை கட்டவேண்டும்.

மறுநாள் சபையில், "பிரபு, நஞ்சுண்டையா சொன்னது நூற்றுக்கு நூறு" என்றார். "பாவம், அவருக்கும் உடம்பு இளைத்துவிட்டது. அந்தத் திருநீராட்டை அவருக்கும் அருளுங்கள். ரோஜாவுக்கு நடக்கிற அதே முறையில்."

"அடியேனுக்கு… அவ்வளவு பாக்கியமா?" என்று இழுத்தார் நஞ்சுண்டையா. மறுக்க முடியுமா?

அன்று அந்தியில் ரோஜாக்களோடு வரிசையில் உட்கார்ந்தார். முழுக் குடமும் தலையில் இறங்கியது. துண்டை எடுத்தவரை மந்திரி தடுத்தார். "ஐயையோ! ரோஜா துடைத்துக்கொள்கிறதா?" ஈர வேட்டியைத் துவைக்கவும் விடவில்லை. "ராஜா கைபட்டது வெளியே போகலாமா?" அது கட்டிலடியிலேயே குவிந்து நாறியது.

இப்படியே பல அந்திகள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் முன்னால் நஞ்சுண்டையா தும்மிக்கொண்டே சபைக்கு வந்தார். கழுத்தெல்லாம் கருந்தேமல்.

"என்னய்யா இது? செம்பாயி உம்மையும் தொட்டாளா?" என்றான் ராஜா.

"அவள் என் பக்கமே வரவில்லை, பிரபு!" மனுஷருக்கு அடக்கமுடியவில்லை. "அந்தி நேரத்தில் தலையில் தண்ணீரைக் கொட்டி, காயவும் விடாமல், பூஞ்சணம் பூத்த துணியைக் காலடியிலேயே போட்டுவைத்தால் யாருக்குத்தான் புள்ளி விழாது?"

ராஜா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கம் அவனைத் தின்றது.

செம்பாயியை வரவழைத்தான். "நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"பயம்தான் மகாராஜா. அதோட, கொடத்தோட வரும்போது ஒங்க மூஞ்சி சின்னப்புள்ள மாதிரி இருக்கும். எப்படிச் சொல்ல?"

உத்தரவும் ரத்தானது, சம்பிரதாயமும் ரத்தானது. நெருக்கமான கிளைகளைக் கழித்துக் காற்றோட்டம் விட்டார்கள். புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி, உதிர்ந்ததைப் பொறுக்கி எரிக்கிற வேலை நஞ்சுண்டையாவுக்கு. ராஜா காலையில் வந்து, குனிந்து, வேரில் மட்டும் நீர் விட்டான். தன் கைமோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். மெல்ல மெல்லச் சுத்தமான தளிர் வந்தது.

ஒருநாள் அந்தியில், பழக்கதோஷம், ராஜா குடத்தைத் தூக்கிவிட்டான். செம்பாயி தொண்டையைச் செருமினாள். தூக்கிய குடத்தை என்ன செய்வது என்று ராஜா சுற்றுமுற்றும் பார்த்தான்.

இலை பொறுக்கிக்கொண்டிருந்த நஞ்சுண்டையா கூடையைப் போட்டுவிட்டு ஓடியே போனார்.