பத்து வருஷ டவுசர்

கபடிக் குழு வைத்திருந்த மில் முதலாளி, நட்சத்திர ஆட்டக்காரன் சுடலைமணியைப் பத்து வருஷத்துக்கு ஒப்பந்தம் போடத் துடித்தார். "இவன் என்னைக்கும் இப்படியேதான்யா இருப்பான்! பத்து வருஷமும் பொருந்துற மாதிரி ஒரே டவுசர் தைச்சுக் கொண்டா" என்று தையல்கார ஜமாலுக்கு உத்தரவு போட்டார்.

ஜமால் கொண்டுவந்த டவுசரின் இடுப்பில் ஒரு முழம் துணி உள்ளே மடித்துத் தைத்திருந்தது.

"எதுக்குய்யா இவ்வளவு?"

"வருஷா வருஷம் பிரிச்சுவிடத்தான் மொதலாளி."

சுற்றி நின்ற கூட்டமே சிரித்தது. முதலாளி முறைத்துக்கொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஆறாம் வருஷம் சுடலைமணி அதே டவுசரோடு ஜமாலிடம் மூச்சு வாங்க வந்து நின்றான்.

"இன்னும் கொஞ்சம் பிரிச்சுவிட முடியுமா பாய்?"

அன்றைக்குத் தான் சொன்னது பொய்யாகியிருக்கக் கூடாதா என்றிருந்தது ஜமாலுக்கு.

"துணி தீர்ந்துபோச்சு தம்பி. ஒப்பந்தம்தான் நாலு வருஷம் மிச்சமிருக்கு."