கடப்பாரைக்கும் ஒரு பொட்டு

மலையடிவாரத்தில் இருந்தது அந்த மடம். சிலை கிடையாது, உண்டியல் கிடையாது. ஓட்டுக் கூடம் ஒன்று, கிணறு ஒன்று, எந்நேரமும் புகையும் அடுப்பு ஒன்று. பசித்து வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார்கள்.

மடத்தை நடத்துகிறவர் உலகம்மாள். உபதேசம் கேட்டு வருகிறவர்களிடம் முதலில் அரிவாள்மணையைத் தள்ளி, காய் நறுக்கச் சொல்லுவார். பாதிப் பேர் அத்தோடு வருவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்தவர்கள் தங்களைச் சீடர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள்.

அப்படி மிஞ்சியவர்களில் ஒருவர் சோலையப்பன். நூற்பாலையில் ஃபிட்டர். உலகம்மாளைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் அவருக்கு உலகம்மாள் 'அம்மா'. உலகம்மாளுக்கு அவர் 'அண்ணே'.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலை, ஆலையில் கொடுத்த இனிப்புப் பெட்டியோடு சோலையப்பன் வந்தார். கட்டியிருந்த நூலைக்கூடப் பிரிக்கவில்லை. கூடத்துச் சுவரோரம் அதை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"போனஸ் போட்டுட்டாங்களா அண்ணே?"

"போட்டாங்க."

"எழவு வீட்டுக்குத் துட்டி கேட்கப் போயிட்டு வந்த மாதிரி இருக்கீங்க."

கிணற்றடியில் அண்டா தேய்த்துக்கொண்டிருந்த வீரசின்னு வேண்டுமென்றே இருமினான். அவனுக்கும் அதே ஆலைதான். கோடையிலிருந்து சோலையப்பனோடு அவனுக்குப் பேச்சு இல்லை. அவனுக்கு மட்டுமல்ல, ஆலையில் ஒருவருக்கும் இல்லை.

கோடையில் நடந்தது ஊருக்கே தெரியும். கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர்கள் அத்தனை பேரும் ஆலை கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். வெயிலில் பந்தல்கூட இல்லை. சோலையப்பன் மட்டும் தினமும் காலையில் ஆலையின் ஜீப்பில் ஏறி, உட்கார்ந்திருந்தவர்களின் நடுவே உள்ளே போனார். ஓடாத இயந்திரம் துருப்பிடித்துவிடும், எண்ணெய் போட ஆள் வேண்டும் என்றார் மானேஜர். அது பொய்யில்லை. சோலையப்பனுக்கு இயந்திரம் துருப்பிடிப்பதைப் பார்க்கச் சகிக்காது. அதுவும் பொய்யில்லை. "இந்த ஆலைக்கு முதுகெலும்பே நீங்கதான்" என்று மானேஜர் தோளைத் தட்டினார். தட்டிய தோள் பல நாள் இனித்தது. கேட்டில் இருந்தவர்கள் தூற்றியது அந்த இனிப்பில் உறைக்கவில்லை.

அந்தப் போராட்டம் தோற்றது. பட்டினி கிடந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு மறுபடி வேலைக்குப் போனார்கள். இப்போது போனஸ் வந்தது. சட்டம் எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது என்கிறதோ அவ்வளவு, அதற்குமேல் ஒரு காசு இல்லை, எல்லோருக்கும்.

"எல்லாருக்கும்," என்றார் சோலையப்பன். "கேட்ல கொடி பிடிச்சவனுக்கும் அதே. எனக்கும் அதே. எனக்குத் தனியா ஒரு கவர் இருக்கும்னு சாயங்காலம் வரைக்கும் ஆபீஸ் வாசல்ல நின்னேன் அம்மா. வாட்ச்மேன் வந்து, 'இன்னும் வீட்டுக்குப் போகலையா'ன்னு கேட்டான்."

"முதுகெலும்பு ரொம்ப நேரம் நின்னா வலிக்கத்தான் செய்யும்," என்றான் வீரசின்னு, அண்டாவிடம் சொல்வதுபோல.

"வீரசின்னு, அண்டா இன்னும் கருப்பாத்தான் இருக்கு," என்றார் உலகம்மாள்.

அவன் தேய்த்தான்.

சோலையப்பன் குரலைத் தாழ்த்தினார். "ஒரு மனுசனோட மதிப்பு என்னன்னு எதை வச்சு அம்மா தெரிஞ்சுக்கிறது?"

"கிரைண்டர் மோட்டார் ரிப்பேர் கடையிலேருந்து வந்திருச்சு அண்ணே. மாட்டிக் கொடுங்க. பேசலாம்."

அவர் எழுந்தார். ஸ்பேனர் கைக்கு வந்ததும் முகத்தில் இருந்த கசப்பு விலகியது. மோட்டாரைத் தூக்கி உட்கார வைத்தார், பெல்ட்டை மாட்டி விரலால் அழுத்திப் பார்த்தார், தளர்ந்திருந்த போல்ட்டை முறுக்கினார். ஒருமுறை ஓட்டிப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார். வேலை அவரைக் கைவிட்டதே இல்லை.

உலகம்மாள் ஒரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் கொண்டுவந்து வைத்தார்.

"புது மோட்டார் மாதிரிதானே. பொட்டு வச்சிருங்க. அப்படியே மத்த சாமானுக்கும். ஆயுத பூசைக்கு வருசா வருசம் நீங்கதான் வந்து வைப்பீங்க. இந்த வருசம் வரலை. நாங்களும் அப்படியே விட்டுட்டோம்."

"ஆலையில அன்னைக்கு விடலை அம்மா. அங்கேயும் நான்தானே வைக்கணும்."

சோலையப்பன் மோதிர விரலில் சந்தனம் தொட்டார். கிரைண்டருக்கு ஒரு பொட்டு. அதன் நடுவில் குங்குமம். அரிவாள்மணைக்கு ஒன்று. மடத்துச் சைக்கிளுக்கு ஒன்று. கிணற்று உருளைக்கு ஒன்று. மூலையில் சாத்திக் கிடந்த கடப்பாரையைத் துடைத்து அதற்கும் ஒன்று.

உலகம்மாள் கூடவே நடந்து வந்தார்.

"அண்ணே, கிரைண்டர் தினமும் ஊருக்கே மாவு ஆட்டுது. இந்தக் கடப்பாரையைத் தொட்டு எத்தனையோ காலமாச்சு. ரெண்டுக்கும் ஒரே பொட்டா?"

"பொட்டுதானே அம்மா. அதுல என்ன கூடக் குறைய?"

"கிரைண்டர் கோவிச்சுக்காதா?"

சோலையப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததிலிருந்து அப்போதுதான் சிரித்தார். "இரும்பு எங்கேயாச்சும் கோவிச்சுக்குமா?"

"ஆலையிலும் இப்படித்தானா? நல்லா ஓடுற மெஷினுக்குக் கொஞ்சம் பெருசா வைக்க மாட்டீங்க?"

"எல்லாத்துக்கும் ஒண்ணுதான். சந்தனத்தை நிறையக் கரைச்சு வாளியில எடுத்துக்கிட்டு வரிசையாப் போவேன். நின்னு பார்க்கவா நேரம் இருக்கு? சங்கு ஊதுறதுக்குள்ள முடிக்கணும்."

"மக்கர் பண்ற மெஷினுக்கு?"

"அதுக்கும் உண்டு. வச்சாத்தான மறுநாள் ஓடும்?"

சொல்லி முடித்த பிறகும் அவர் விரல் கடப்பாரையின்மேல் அப்படியே இருந்தது. கண் மட்டும் சுவரோரம் போயிற்று. அங்கே நூல் பிரிக்காத இனிப்புப் பெட்டி இருந்தது. அதன் மூடியில் ஆலையின் பெயர் சிவப்பு மையில் அச்சாகியிருந்தது.

கிணற்றடியில் தேய்க்கும் சத்தம் நின்றிருந்தது.

சோலையப்பன் கடப்பாரையிலிருந்து விரலை எடுத்தார். "அப்ப மானேஜர் சொன்ன அந்த முதுகெலும்புப் பேச்சு?"

உலகம்மாள் கிண்ணத்தைக் காட்டினார். "குங்குமமும் கொஞ்சம் வச்சாத்தானே பார்க்க நல்லா இருக்கும்."

சோலையப்பன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். சந்தனம் முழுதாகப் போகவில்லை. மறுபடியும் துடைத்தார்.

"நாளைக்குக் காலையில கேட்டுல கூட்டம்," என்றார். "போனஸைக் கூட்டித் தரச் சொல்லி எல்லாரும் வெளியே உட்காரப் போறாங்க. மானேஜர் ஆள் அனுப்பிச் சொல்லிட்டார். போன தடவை மாதிரியே ஜீப் நம்ம தெருமுனைக்கு வருமாம்."

"ம்."

"தனிக் கவர் கிடையாது. ஜீப் மட்டும் தனியா வருது."

உலகம்மாள் சந்தனக் கிண்ணத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

"ஏறவா வேண்டாமா? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மா. நீங்க சொன்னாச் சரி."

"கிரைண்டர்கிட்ட நான் இப்படித்தான் அண்ணே. சுவிட்சைப் போடுவேன், ஓடும். அணைச்சா நிக்கும். அதை ஒரு நாளும் யோசனை கேட்டதில்லை."

சோலையப்பனின் தலை குனிந்தது. லேசாகச் சந்தனம் ஒட்டியிருந்த விரலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த விரல் அத்தனை வருடமும் ஆலையின் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் பொட்டு வைத்த விரல்.

வீரசின்னு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதைக் கவிழ்த்து வைத்தான். உடனே போகவில்லை. கோடையில் அவன் வீட்டில் அடுப்பு எரியாத நாட்கள் இருந்தன. அந்த நாட்களில்தான் ஜீப் அவனைக் கடந்து போனது. இன்னும் அவன் முகத்தில் அது அப்படியே இருந்தது.

சோலையப்பன் அந்த முகத்தைப் பார்த்தார். கோடைக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தார். அவன் பார்வையை விலக்கவில்லை.

"ஜீப்ல ஏறாம நான் நடந்து போய் கேட்டுல நின்னா," என்று சோலையப்பன் உலகம்மாளிடம் திரும்பினார். "பக்கத்துல உட்கார விடுவாங்கன்னா நினைக்கிறீங்க? கருங்காலிம்பாங்க. கூலிக்கு மாரடிச்சவன் இப்ப எதுக்குடா வந்தேம்பாங்க. பிள்ளைகுட்டியை வச்சுக்கிட்டு நாங்க காய்ஞ்சப்ப எங்கேடா போயிருந்தேம்பாங்க. அவங்க அத்தனை பேரும் ஏசுவாங்க அம்மா."

உலகம்மாள் ஊறவைத்த அரிசியைக் கிரைண்டரில் அள்ளிப் போட்டார். சுவிட்சைப் போட்டார். நெற்றியில் ஈரம் காயாத பொட்டோடு கிரைண்டர் சுற்ற ஆரம்பித்தது.

"ஏசுவாங்க அண்ணே," என்றார். "மனுசனைத்தானே ஏசுவாங்க."