பிசுக்கின் சர்க்கரைப் போர்வை

கரிசல் காட்டில், ஒரு தட்டைப்பயறுச் செடியின் பக்கத்தில், பிசுக்கு என்ற நுண்ணுயிர் இருந்தான். ஊசிமுனையில் ஆயிரம் பேர் உட்காரலாம், அவ்வளவு சிறியவன். உடம்பெல்லாம் சர்க்கரைப் பூச்சு. தானே நெய்து போர்த்திக்கொண்டது.

செடி பசியில் வெளுத்துப் போயிருந்தது. காற்றிலுள்ள சத்தைப் பிடித்துச் சமைத்துக் கொடுக்க பிசுக்கின் கூட்டத்துக்குத்தான் தெரியும். அதற்கு வேருக்குள் குடியேற வேண்டும். "பூ விடுறதுக்குள்ளே வந்துடு தம்பி!" என்று வேர் தன் வாசனை வழியே சொல்லியனுப்பியிருந்தாள்.

கிளம்பியவனை வழியில் ஒரு மரவட்டை மறித்தது.

"விருந்துக்குப் போற கோலமா இது? பாகுச் சட்டியில் விழுந்து மண்ணில் புரண்ட ஈ மாதிரி! என்னைப் பாரு, எப்படி மினுங்குறேன்!"

பிசுக்குக்கு வெட்கமாகிவிட்டது. முதல்முதலாகப் போகிற வீடு அல்லவா! மணல் பருக்கையில் தேய்த்துத் தேய்த்து, பூச்சு முழுவதையும் உரித்துப் போட்டான்.

"அக்கா, வந்துட்டேன்!"

வேர் இருட்டில் அவனைத் தடவிப் பார்த்தாள். படக்கென்று வாசலை அடைத்தாள்.

"யாருடா நீ?"

"நான்தான்க்கா, பிசுக்கு!"

"போன வாரம் வந்த அழுகல் கிருமியும் அப்படித்தான் சொல்லுச்சு! எனக்குக் கண்ணா இருக்கு? சர்க்கரையைத் தொட்டுத்தான் என் ஆளைக் கண்டுபிடிப்பேன். எங்கே அது?"

"உங்க முன்னாடி அழகா நிக்கணும்னு... தேய்ச்சுக் கழுவிட்டேன்."



"அசடே!" என்றாள் வேர். குரல் இளகியிருந்தது. "உன்னை நம்ப ஆசைதான். ஏமாந்தா செடியே போயிடும். வாசலில் இனிப்பு சிந்தியிருக்கேன். தின்னுட்டுத் திரும்ப நெய்!"

மண் காய்ந்துகொண்டே வந்தது. போர்வை இல்லாத உடம்பு சுருங்கியது. பிசுக்கு தின்றான், நெய்தான், தின்றான், நெய்தான்.

மரவட்டை மறுபடி வந்தது. "சீச்சீ, திரும்பவும் அதே பிசுபிசுப்பா!"

"ஆமாண்ணே! ஒட்டிக்கப் போறேன், தள்ளிப் போங்க!"

மூன்றாம் நாள், மேலே முதல் மொட்டு முனை காட்டிய காலையில், வேர் மீண்டும் தடவினாள். தூசு ஒட்டிய, பிசுபிசுத்த, அவளுக்குத் தெரிந்த அதே சர்க்கரை! மயிரிழை போன்ற விரலை வளைத்து அவனை அப்படியே அணைத்துக்கொண்டாள்.

"உடம்பெல்லாம் மண்ணுக்கா..."

"நான் மட்டும் எங்கே இருக்கேனாம்? உள்ளே வாடா!"

நமக்கு வேண்டியவர்கள் எதைத் தொட்டு நம்மைக் கண்டுகொள்கிறார்களோ, அதைப் பிறர் கேலிக்கு அஞ்சி உரித்துப் போடக் கூடாது.